கடலில்லா ஊருக்கு ஒரு கலங்கரை விளக்கம்

சமுதாயக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் ஐந்து அட்டைகள் கிடந்தன. ஒவ்வோர் அட்டையின் மீதும் புளியங்கொட்டைகள் குவிந்திருந்தன. ஐந்தில் நான்கு அந்த ஊருக்கு உண்மையிலேயே வேண்டியவை. ஐந்தாவது, ஒரு கலங்கரை விளக்கம். அதன் மீதிருந்த குவியல்தான் பெரியது.

செந்துறை வட்டத்திலுள்ள அந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால், பேருந்து மாறி மாறி அரை நாள் போக வேண்டும். அந்த அட்டையை வரைந்தவள் நான். அதற்காக ஏழு நிமிடம் பேசியவளும் நான்தான்.

நினைவுக் குறிப்புகள் எழுத எனக்கு வயது போதாது என்று சென்ற இதழைப் படித்த அன்பர் ஒருவர் கடிதம் அனுப்பியிருந்தார். போதாதுதான். ஆனால் அந்தக் குவியலுக்கு முன் விடை தெரியாமல் நின்ற எவருக்கும் எழுதும் தகுதி உண்டு என்று நான் வாதிடுவேன். வாதிடுவது நான் பயின்ற கலை.

மூன்று தீக்குச்சிகள்

நான் பெரம்பலூர்ப் பெண்; வளர் என்று கூப்பிடுவார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் நான் ஏறாத பேச்சு மேடை இல்லை. காலையில் ஓரணியிலும், அந்த அணி வென்ற பிறகு மாலையில் எதிரணியிலும் பேசி, இரண்டு பரிசுகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துவந்த நாளும் உண்டு. எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் என் கேடயங்கள் வரிசையாக நிற்கின்றன. தயிர் எடுக்கக் கதவைத் திறந்தால் அத்தனையும் கலகலக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு, ஒரு தொண்டு நிறுவனத்தில் பேசக் கூடாத ஒரு வேலை கிடைத்தது.

ஊர்க்கூட்டங்களில் மக்கள் தாங்களே பேசி, தங்கள் ஊருக்கு முதலில் எது வேண்டும், அடுத்தது எது என்று வரிசைப்படுத்த வேண்டும். அதற்குத் துணை நிற்பதுதான் வழிநடத்துநரின் பணி. திருச்சியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆளுக்கு மூன்று தீக்குச்சிகளைத் தந்து, ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் ஒரு குச்சியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் நாள் தேநீருக்கு முன்பே என் கை காலியாகிவிட்டது. மீதி இரண்டரை நாளும் தலையசைப்பால் கருத்துரைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை, மூன்று குச்சிகளையும் பத்திரமாகத் திருப்பித் தந்தவர் ஒருவர் மட்டுமே. லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த நூர்ஜஹான். அவருடைய அண்ணன்மார் மூவரும் வளைகுடாவில் இருக்கிறார்கள். மாடிப்படிக்கு டைல்ஸ் எது என்பதிலிருந்து மாப்பிள்ளை யார் என்பதுவரை அந்த வீட்டில் எல்லாமே குரல் பதிவுகளில் முடிவாகும். ஒருமுறை சொல்லி அனுப்பிவிட்டால் அது மூன்று நாடுகளில் ஒலித்துவிடும் என்பதால், சிறு வயதிலிருந்தே சொல்லை அளந்து பழகியவர்.

நிறுவனம் எங்கள் இருவரையும் ஒரே குழுவில் போட்டது. நான் கூட்டத்தை நடத்துவேன். நூர்ஜஹான் நடந்ததை அப்படியே எழுதுவார். எனக்கு அவர் எதிரணியும் இல்லை, நடுவரும் இல்லை. அதனாலேயே அவரை எப்படிக் கையாள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பேசாத ஐம்பது பேர்

அன்று பத்து மணிக்கே கூடத்தின் தகரக் கூரை கொதித்தது. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றியது. மற்றது சத்தம் மட்டும் போட்டது. நாங்கள் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்மணி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பெயர் அஞ்சலை, ஐம்பது வயதிருக்கும். ஊருக்கும் அவர் குடியிருப்புக்கும் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. ஓடைக்கு அப்பால் ஒன்பது வீடுகள். அதை அக்கரை என்பார்கள்.

அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் தம் நிலையைச் சொன்னார். கணவர் முருகேசனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் இருமுறை அரியலூர் மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். வெயில் காலத்தில் ஆட்டோ ஓடையில் இறங்கி ஏறிவிடும். மழைக் காலத்தில் வராது.

"போன மழையில ரெண்டு தடவ போவ முடியாமப் போயிடுச்சுங்க. மூஞ்சி, காலெல்லாம் ஊதி, மூச்சு வுட முடியல. இன்னொரு மழைக்கு இப்புடி வுட்டீங்கன்னா தாங்க மாட்டாருன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

அவருக்கு வேண்டியது ஓடையின் மேல் ஒரு பாலம். தரையில் ஓர் அட்டையில் அந்தப் பாலமும் இருந்தது. ஊர் எதை முதலாவதாகத் தேர்ந்தெடுக்கிறதோ அதுதான் அந்த ஆண்டுத் திட்டத்தில் முன்னே நிற்கும். பட்டியலை அன்று மாலைக்குள் ஒன்றிய அலுவலகத்தில் சேர்க்க ஊராட்சிச் செயலர் கையில் பையுடன் காத்திருந்தார்.

வழிநடத்துநர் எந்த அட்டைக்கும் பரிந்து பேசக் கூடாது. அது முதல் விதி. அஞ்சலை என்னிடம் சொன்னதைச் சபையில் சொன்னால் போதும், கல்லும் கரையும் என்று நம்பிக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினேன்.

நான்கு அட்டைகள். வடக்குத்தெரு முனையில் தண்ணீர்த் தொட்டி. அதே தொட்டி, ஆனால் தெற்குத்தெரு முனையில். பேருந்து நிழற்குடை. ஓடைப் பாலம். ஒவ்வொன்றைப் பற்றியும் யாராவது எழுந்து பேச வேண்டும்; பேசி முடித்ததும் ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டைகளைத் தாங்கள் விரும்பிய அட்டைகளில் விரும்பியபடி வைக்கலாம்.

யாரும் பேசவில்லை.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. தொட்டி விஷயத்தில் வடக்குத்தெரு ரெங்கசாமியும் தெற்குத்தெரு பன்னீரும் பங்காளிகளாக இருந்தும் பல காலமாக முகம் பார்ப்பதில்லை. இவர் வாய் திறந்தால் அவர் திறப்பார். பிறகு கூட்டம் எங்கே போய் முடியும் என்று ஊருக்குத் தெரியும். எனவே ஐம்பது பேரும் சுற்றாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலைக்கோ அத்தனை பேர் முன்னிலையில் நா எழவில்லை.

கால்மணி நேரம் மௌனம். மேடைப் பேச்சாளருக்கு மௌனத்தைப் போல் ஒரு பசி வேறில்லை.

நத்தைக் கல்லின் சாட்சி

ஒரு மாதிரிக்குப் பேசிக் காட்டலாமே என்று தோன்றியது. இருக்கும் நான்கில் ஒன்றுக்காகப் பேசினால் விதி மீறல். எவரும் கேட்க முடியாத, எவருக்கும் பயன்படாத ஒன்றுக்காகப் பேசினால்? அதில் யாருக்கு என்ன தீங்கு? வெற்று அட்டை ஒன்றை எடுத்து, ஒரு கலங்கரை விளக்கத்தை வரைந்து, கதிர்களும் போட்டுத் தரையில் வைத்தேன்.

இந்த இடத்தில் சற்றே விலகிச் செல்ல வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அரியலூர்ப் பக்கத்து மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களில் கிளிஞ்சல்களும், ஆட்டுக்கிடாயின் கொம்பு போலச் சுருண்ட நத்தைக் கற்களும் கிடைக்கும். ஏழாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா போனபோது நானும் ஒன்றைப் பொறுக்கி வந்து கணக்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அதன் கனத்தில் பெட்டியின் கீல் உடைந்து, வீட்டில் திட்டு வாங்கினேன். எங்கள் சிமெண்டு ஆலைகள் அரைப்பதெல்லாம் அந்தக் கடலின் மிச்சத்தைத்தான்.

அதைத்தான் பேச்சின் தொடக்கமாக வைத்தேன். "கடல் நம்மை விட்டுப் போயிருக்கலாம், நம்மை மறந்துவிட்டது என்று யார் சொன்னது?" என்று கேட்டேன். வழி தெரியாதவர்களுக்காக ஏற்றப்படும் விளக்குக்குக் கடல் ஒரு சாக்கு என்றேன். இருளும் வழிப்போக்கரும் உள்ள ஊரெல்லாம் துறைமுகமே என்றேன். ஏழாவது நிமிடத்தில், மணி அடிக்க ஆளில்லாததால், நானே முடித்துக்கொண்டேன்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. செயலர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். நூர்ஜஹான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

"இவ்வாறு பேச வேண்டும். இனி உங்கள் முறை" என்றேன். "பேச்செல்லாம் எதுக்குங்க, கொட்டையக் குடுங்க" என்றது பின்வரிசை. ஒரே நொடியில் வரிசை கட்டி எழுந்துவிட்டார்கள். அந்தக் கைதட்டல் காதில் இருந்த மயக்கத்தில், ஐந்தாவது அட்டையை எடுக்க மறந்தேன்.

ஆளுக்கொன்று

எண்ணி முடித்தபோது கலங்கரை விளக்கத்துக்கு எழுபத்தொன்று. தொட்டிகள் இரண்டும் பத்துப் பதினொன்று குறைவாக அடுத்தடுத்து நின்றன. ஓடைப் பாலத்துக்கு முப்பத்தொன்று.

நான் குனிந்து ஐந்தாவது அட்டையை எடுக்கப் போனேன். நூர்ஜஹான் பேனாவை மூடினார்.

"வளர், அது இப்ப ஒங்க அட்ட இல்ல. எழுபத்தோரு கொட்ட இருக்கு."

"மாதிரிக்கு வைத்ததென்று அவர்களுக்கும் தெரியுமே" என்றேன்.

"கூட்டம் போட்டத நாம எடுக்கக் கூடாது. கூட்டமே கேட்டாத்தான் வரிசைய மாத்தலாம். ரெண்டாவது விதி."

முதல் விதியை நான் காப்பாற்றிய அழகை அவர் குறிப்பிடவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத பண்பு.

அஞ்சலை தம் இடத்திலேயே உட்கார்ந்து, குவியல்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போய், அக்கரைக்காரர்களாவது ஐந்தையும் பாலத்துக்கே போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நாலு போட்டேங்க. ஒன்னு ஒங்களுக்கு."

"எனக்கா?"

"வேவாத வெயில்ல வந்து அவ்ளோ நேரம் பேசுனீங்க. ஒரு டீகூடக் குடிக்கல. ஒன்னுகூடப் போடலன்னா நல்லாவா இருக்கும்? எல்லாரும் ஆளுக்கு ஒன்னு போட்டாங்க."

ஐம்பது பேர், ஐம்பது கொட்டைகள். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. என் சொல்லாற்றலுக்குக் கிடைத்தவை மீதி இருபத்தொன்று மட்டுமே என்பதை, அந்த நெருக்கடியிலும், என் மனம் கழித்துப் பார்த்தது. அந்த இருபத்தொன்றும்கூட வேறு கணக்கில் வந்தவை. தொட்டி எந்த முனையில் வந்தாலும் சண்டை. விளக்கு வந்தால் யாருக்கும் வருத்தமில்லை என்று சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டே போட்டார்களாம்.

ஆக, ஊர் எனக்கு உபசாரம் செய்திருந்தது. அதற்கான விலையை முருகேசன் மழைக் காலத்தில் தரப்போகிறார்.

எதிரணியும் நானே

கூட்டமே கேட்டால் வரிசையை மாற்றலாம். கேட்க வைப்பது எப்படி? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மீண்டும் எழுந்து, கலங்கரை விளக்கத்துக்கு எதிராகப் பேசினேன். என் வாழ்வின் சிறந்த மறுப்புரை அதுவென்று இன்றும் சொல்வேன். கப்பலில்லாத ஊரில் விளக்கு யாருக்கு என்றேன். நத்தைக் கல்லைச் சாட்சிக்கு அழைத்தவளின் வாதத்தில் ஓட்டைகள் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். அவளை நான் மன்னிக்கவே இல்லை.

இந்த முறை கைதட்டல் எழவில்லை. காலை முழுவதும் வாய் திறக்காத ரெங்கசாமி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, நீங்கதான வேணும்னீங்க. இப்ப நீங்களே வேணாங்குறீங்க. ஊரு என்ன, ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறதா? போட்டது போட்டதுதான்."

தெற்குப் பக்கத்திலிருந்து பன்னீர் எழுந்தார். செயலர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அண்ணன் சொல்றது சரிதான்" என்றார் பன்னீர்.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு வடக்கும் தெற்கும் ஒன்றுபட்டன. என்னை எதிர்த்து ஒன்றுபட்டன. அதன் பிறகு நடந்ததைத் தடுக்க எனக்குத் தீக்குச்சியும் இல்லை, தெம்பும் இல்லை. விளக்கு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், உச்சியில் மைக் கட்டினால் தேர்த் திருவிழா அறிவிப்புக்கு ஆகுமா, காவலுக்கு யார், சாவி யாரிடம் என்று பேச்சு வளர்ந்தது. காலையில் ஊமையாயிருந்த ஐம்பது பேரும் பேசினார்கள். வழிநடத்துநர் கனவு காணும் கூட்டம் அதுதான். பேசுபொருள் மட்டும்தான் கோளாறு.

இடம் எது என்ற கேள்வி வந்தபோது பழைய கங்கு லேசாகப் புகைந்தது. வடக்கு முனை என்று ஒரு குரல். தெற்கு முனை என்று இன்னொரு குரல். ரெங்கசாமி கையமர்த்தினார்.

"ஏப்பா பன்னீரு, ரெண்டு முனையும் வேணாம். அக்கர மேட்டுல வச்சுடுவோம். அதான் ஒசரம்."

"வச்சுடுவோம்ண்ணே. ராத்திரில நம்ம வூட்டு சன்னல்லயும் வெளிச்சம் அடிக்காது" என்றார் பன்னீர்.

ஏகமனதாக முடிவாயிற்று. நூர்ஜஹான் அதையும் எழுதினார்.

அப்போதுதான் அஞ்சலை எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரெங்கசாமியைப் பார்த்துப் பேசினார்.

"எங்க மேட்டுல கட்டுனா எங்களுக்கும் பெருமதாங்க. கட்டுங்க. ஆனா ஜல்லி லாரி ஓடயத் தாண்டி எப்புடிங்க வரும்? எங்க வூட்டுக்காரர ஏத்த ஆட்டோவே வர மாட்டேங்குது."

லாரி எப்படி வரும் என்பதை ஐம்பது பேரும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். லாரி ஓடையில் இறங்குகிறது, சக்கரம் புதைகிறது, ஏற மறுக்கிறது. அந்த வழியில் ஓர் ஆட்டோவும், அதில் ஏற முடியாத ஒரு மனிதரும் உண்டு என்பது அவர்களுக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் காலையிலிருந்து அதை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

"முருகேசன் இப்ப எப்புடி இருக்கான்?" என்று பன்னீர் கேட்டார்.

"வெயிலு இருக்கறவரைக்கும் நல்லாருக்காருங்க" என்றார் அஞ்சலை.

ரெங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப மொதல்ல பாலம்" என்றார். "பாலம் இல்லாம வௌக்கு எப்புடிக் கட்டுறது?"

நான் வாய் திறக்கப் போனேன். நூர்ஜஹான் முந்திக்கொண்டார்; அன்று அவர் சபையில் பேசியது அந்த ஒருமுறைதான்.

"வரிசைய மாத்தணும்னு கூட்டம் கேக்குதுங்களா?"

ஐம்பது கைகள் உயர்ந்தன. செயலரின் கையும் உயர்ந்ததை நான் பார்த்தேன், அவருக்கு வாக்கில்லை.

"கடல் எங்கம்மா?"

பட்டியல் இப்படிப் போயிற்று. முதலாவது: கலங்கரை விளக்கம் அமையவிருக்கும் அக்கரை மேட்டுக்குச் செல்ல ஓடையின் குறுக்கே பாலம். இரண்டாவது: கலங்கரை விளக்கம். முதல் வரியின் முன்பாதியை வெட்டிவிடுமாறு நான் நூர்ஜஹானிடம் மன்றாடினேன். கூட்டம் சொன்ன சொல் அது, நான் வெட்ட மாட்டேன் என்றார்.

நான்கைந்து நாள் கழித்து ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கடல் எங்கம்மா இருக்கு?"

"இருந்துச்சு சார்."

"எப்ப?"

"கொஞ்ச காலத்துக்கு முன்னாடி."

வாதத்தை விரித்துரைக்க ஏழு நிமிடம் போதும் எனக்கு. ஆனால் முருகேசனை நினைத்து, அதோடு நிறுத்திக்கொண்டேன். மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது. இரண்டாவதை அடித்துவிடலாமா என்றார். ஊரைக் கேளுங்கள் சார் என்றேன். ஊரைக் கேட்டால் இன்னொரு கூட்டம் போட வேண்டும், அதை விடுங்கள் என்று இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டார்.

முதலாவது வந்தது. பெரிய பாலமெல்லாம் இல்லை. ஓடைக்குள் மூன்று சிமெண்டுக் குழாய்கள், மேலே கான்கிரீட் தளம், இருபுறமும் முழங்கால் உயரச் சுவர். திறப்பு விழாவில் பேச எனக்கு அழைப்பு வரவில்லை. திறப்பு விழாவே நடக்கவில்லை. தளம் காய்வதற்கு முன்பே ஓர் ஆட்டோ ஏறி, சக்கரத்தடத்தைப் பதித்துவிட்டுப் போயிருந்தது.

அந்த ஆண்டின் முதல் பெருமழை பெரம்பலூரையும் நனைத்தது. விடியற்காலையிலிருந்து கொட்டியது. பேருந்து நிலையத்தில் முழங்கால் தண்ணீர். அது முருகேசனுக்கு மருத்துவமனை போகும் நாள் என்பது எனக்கு நினைவிருந்தது. பத்து மணிவரை பொறுத்தேன். பிறகு அஞ்சலையை அழைத்தேன்.

"ஆஸ்பத்திரிலதாங்க இருக்கோம்" என்றார். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தமும், யாரோ இருமும் சத்தமும் கேட்டன. "ஆட்டோ வூட்டு வாசல்லயே வந்து ஏத்துச்சு. ஓடயில இடுப்பளவு தண்ணி போவுது. மேல நின்னு எட்டிப் பாத்துட்டு வந்தோம்."

அடுத்து வரும் ஊர்க்கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். ஓடையைத் தாண்டியபின் அக்கரைத் தெருவில் சேறு தாங்கவில்லையாம். இந்த ஆண்டு தார்ச்சாலை கேட்கப்போகிறார்களாம். வடக்கும் தெற்கும் ஒத்துக்கொண்டுவிட்டன. விளக்குக் கட்டப் போகும் லாரி சேற்றில் சிக்கக் கூடாது அல்லவா?

"அப்போது நான் வந்து நடத்தித் தருகிறேன்" என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க பாப்பா. நீங்க வர வேணாம். நீங்க வந்தா ஆளுக்கு ஒரு கொட்ட ஒங்களுக்குப் போயிடும். ரோட்டுக்கு இந்த வாட்டி ஒன்னுகூடக் கொறயக் கூடாது."

மறுத்துரைக்க என்னிடம் மூன்று வாதங்கள் இருந்தன. முதலாவதைத் தொடங்குவதற்குள், அங்கே ஒரு செவிலியர் உரத்த குரலில் முருகேசன் என்று கூப்பிட்டார். "இந்தா வந்துட்டோம்மா" என்று சொல்லிக்கொண்டே அஞ்சலை தொலைபேசியை வைத்துவிட்டார்.